மஹல்லாவின் இரண்டு பள்ளிகள்: கணக்கு என்ன சொல்கிறது?

(இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்துகொண்ட கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

கல்வியைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். நம் மேடைகளில் கல்வி என்றதும் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்கு மனப்பாடம். முதலில் 'இக்ரஃ' வருவார். அடுத்து பத்ருக் கைதிகள் வருவார்கள். பிறகு கூட்டம் முடிந்து பிரியாணி வரும். நான் அந்தப் பேச்சைக் குறைசொல்லவில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் ஒரு தகப்பன், தன் மகனை ஜூன் மாதம் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைத்ததா என்றால், இல்லை. ஆகவே இன்று அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஊரில் இரண்டு அரசு நடுநிலைப் பள்ளிகள் இருக்கின்றன. இரண்டும் இலவசம். இரண்டும் நடந்துபோகும் தூரம். எது நல்லது? எப்படித் தெரிந்துகொள்வது?

இப்போது எப்படித் தெரிந்துகொள்கிறோம்? டீக்கடையில் ஒருவர், "அந்தப் பள்ளியா? அது உருப்படாது பாய்" என்பார். முடிந்தது விஷயம். அவர் அந்தப் பள்ளிக்குள் கால் வைத்துப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். ஒரு மூட்டை மிளகாய் வாங்க மூன்று மண்டி ஏறி இறங்கி, கையில் அள்ளி முகர்ந்து பார்த்து, எடையைச் சரிபார்த்து வாங்குகிற வியாபாரி, சொந்தப் பிள்ளையின் எட்டு வருஷப் படிப்பை டீக்கடைத் தீர்ப்பை நம்பி முடிவு செய்கிறார்!

கணக்கு வெளியே கிடக்கிறது

சகோதரர்களே, நாட்டில் உள்ள ஒவ்வொரு பள்ளிக்கூடத்தின் கணக்கையும் அரசாங்கம் ஆண்டுதோறும் திரட்டுகிறது. 1990களின் நடுவில் சில மாவட்டங்களில் தொடங்கிய வேலை அது. 2012-13 முதல் 'யூடைஸ்' என்றும், 2018-19 முதல் 'யூடைஸ் பிளஸ்' என்றும் நடக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33இல் தொடங்கும். உங்கள் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணும் 33இல்தானே தொடங்குகிறது? அதே மாநில எண்தான். கடைக்கு எண் தெரியாத வியாபாரி இங்கே ஒருவரும் இருக்கமாட்டீர்கள். பிள்ளை படிக்கும் பள்ளியின் எண் தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றால் எத்தனை கை உயரும்?

அந்த எண்ணையோ பள்ளியின் பெயரையோ யூடைஸ் பிளஸ் இணையதளத்தில் போட்டால் பள்ளியின் அறிக்கை அட்டை வரும். எத்தனை மாணவர், எத்தனை மாணவியர், எந்த வகுப்பில் எத்தனை பேர், ஆசிரியர் எத்தனை, அவர்களில் பெண்கள் எத்தனை, வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், நூலகம், மின்சாரம், கணினி, பயிற்றுமொழி எல்லாம் இருக்கும். காசு கிடையாது. யாரிடமும் சிபாரிசுக்குப் போக வேண்டியதும் இல்லை.

புள்ளிவிவரம் என்றால் நமக்குச் சலிப்பு. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் பிள்ளைகள் எல்லாம் மதரஸாவுக்குப் போகிறார்கள், அதனால்தான் பின்தங்கிவிட்டார்கள் என்று எத்தனை ஆண்டு நம்மீது பழி போட்டார்கள்! 2005இல் அமைக்கப்பட்ட நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு 2006 நவம்பரில் அறிக்கை தந்தது. பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் படிப்பவர்கள் சுமார் 3 சதவீதம்தான் என்றது அந்த அறிக்கை. அதே அறிக்கை, 6 முதல் 14 வயது வரையுள்ள நம் பிள்ளைகளில் 25 சதவீதம் பேர் பள்ளிக்கே போகாதவர்கள் அல்லது பாதியில் நின்றவர்கள் என்றும் சொன்னது. முதல் எண் பழியைத் துடைத்தது. இரண்டாவது எண் நம் முகத்தில் அறைந்தது. நாம் முதல் எண்ணை மட்டும் மேடையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் என்னும் படிக்கல்

எடை போடப் படிக்கல் வேண்டும். அந்தப் படிக்கல் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அதன் அட்டவணையில் பள்ளிக்கு என்ன இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறது.

1 முதல் 5 வரை 60 பிள்ளைகள் வரை இருந்தால் 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. 121 முதல் 200 வரை 5. இது தொடக்க வகுப்புகளுக்கு. 6, 7, 8ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு வேறு. அங்கே தலையை எண்ணினால் மட்டும் போதாது. வகுப்புக்கு ஒருவராவது வேண்டும். அறிவியலும் கணிதமும் நடத்த ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியருக்குக் குறையக் கூடாது. ஆசிரியருக்கு ஒன்று என்ற கணக்கில் வகுப்பறை வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, பாதுகாப்பான குடிநீர், நூலகம், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் வேண்டும். 1 முதல் 5 வரை ஆண்டுக்கு 200 வேலை நாள். 6 முதல் 8 வரை 220 நாள்.

இந்தப் படிக்கல்லை வைத்து இப்போது இரண்டு பள்ளிகளை எடை போடுவோம். கிழக்குப் பள்ளி, மேற்குப் பள்ளி என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். இவை எந்த ஊர்ப் பள்ளிகளும் அல்ல. கணக்கு விளங்குவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள். உங்கள் ஊர் எண்களை நீங்கள் இதே இடத்தில் போட்டுப் பார்க்கவேண்டும்.

கிழக்குப் பள்ளியில் 240 பிள்ளைகள், 8 ஆசிரியர்கள். மேற்குப் பள்ளியில் 150 பிள்ளைகள், 6 ஆசிரியர்கள். வகுத்துப் பாருங்கள். கிழக்கில் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள், மேற்கில் 25. பார்த்தவுடன் என்ன சொல்வோம்? மேற்குதான் நல்லது, கூட்டம் குறைவு, வாத்தியார் நன்றாகக் கவனிப்பார் என்போம். பத்திரிகைகளில் வரும் ஒப்பீடுகள் பல இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன.

மூட்டையைக் கொஞ்சம் பிரியுங்கள். மேற்கில் 1 முதல் 5 வரை 120 பேர். 6 முதல் 8 வரை 30 பேர்தான். ஆசிரியர் 6 பேரில் 5 பேர் இடைநிலை ஆசிரியர்கள், பட்டதாரி ஆசிரியர் ஒரே ஒருவர். சட்டக் கணக்குப்படி அங்கே கீழே 4 பேர், மேலே 3 பேர், ஆக 7 பேர் வேண்டும். ஒருவர் குறைவு. அதைவிடப் பெரிய விஷயம், மேல் வகுப்பில் மூன்று வகுப்புக்கும் அறிவியல், கணிதம், சமூக அறிவியல், தமிழ், ஆங்கிலம் அத்தனைக்கும் அந்த ஒரே பட்டதாரி ஆசிரியர்தான். அவர் பயிற்சிக்குப் போனால் அன்றைக்கு மூன்று வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் பழகும்.

கிழக்கில் கீழே 140 பேர், மேலே 100 பேர். 8 பேரில் 5 பேர் இடைநிலை, 3 பேர் பட்டதாரிகள். கீழே 5 வேண்டும், இருக்கிறது. மேலே 3 வேண்டும், இருக்கிறது. கூட்டமாகத் தெரிந்த பள்ளி சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. காற்றோட்டமாகத் தெரிந்த பள்ளி நிறைவேற்றவில்லை. சராசரி என்பது நல்ல மிளகையும் பப்பாளி விதையையும் ஒன்றாகக் கொட்டி எடை போடுகிற வேலை.

பதினொரு பையன்கள் எங்கே?

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இரண்டு ஆண்டுகளின் அட்டையைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். போன வருஷத்து 5ஆம் வகுப்பையும் இந்த வருஷத்து 6ஆம் வகுப்பையும் பாருங்கள். அதே பிள்ளைகள்தானே மேலே ஏறியிருக்கவேண்டும்? ஒரே வருஷத்து அட்டையில் 5ஐயும் 6ஐயும் ஒப்பிடக்கூடாது. அது வேறு வேறு பிள்ளைகள்.

நம் உதாரணத்தில் மேற்குப் பள்ளியில் போன வருஷம் 5ஆம் வகுப்பில் 14 பையன்கள், 11 பெண் பிள்ளைகள். இந்த வருஷம் 6ஆம் வகுப்பில் 3 பையன்கள், 7 பெண் பிள்ளைகள். 11 பையன்கள் எங்கே போனார்கள்?

அட்டை இதற்குப் பதில் சொல்லாது. அங்கேதான் நம் வேலை தொடங்குகிறது. சிலர் 6ஆம் வகுப்பிலிருந்தே நடக்கும் உயர்நிலைப் பள்ளிக்கு மாறியிருக்கலாம், அது நல்லதுதான். சிலர் தனியார் ஆங்கிலப் பள்ளிக்குப் போயிருக்கலாம். ஓரிருவர் ஹிஃப்ழு மதரஸாவில் சேர்ந்திருக்கலாம். மிச்சம் உள்ளவர்கள்? அவர்கள் நம் கடைகளில் இருக்கிறார்கள்.

வியாபாரப் பெருமக்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. "ஏழை வீட்டுப் பையன், நாமாவது வேலை கொடுப்போம்" என்ற நல்ல எண்ணத்தில்தான் வைத்துக்கொள்கிறீர்கள். ஆனால் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது. 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்தக் குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் அபாயமில்லாத உதவி செய்யலாம் என்று ஒரு விலக்கு உண்டு. சச்சார் குழு சொன்ன அந்த 25 சதவீதத்தை டெல்லியில் இருந்து யாரோ உண்டாக்கவில்லை. அதில் ஒரு பங்கு நம் கல்லாவுக்குப் பின்னால் நின்று பொட்டலம் மடிக்கிறது. அந்தப் பையனுக்கு உதவ நினைப்பவர், அவனுடைய தகப்பனாருக்கோ அண்ணனுக்கோ வேலை கொடுங்கள். அல்லது ஜகாத்தில் இருந்து வீட்டுச் செலவுக்குக் கொடுத்து அவனைப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. அவர்கள் நின்றுபோகும் இடத்தில் பெரும்பாலும் கழிப்பறையும் தூரமும் பெண் ஆசிரியை இல்லாததும் காரணமாக இருக்கும். மூன்றுமே அட்டையிலும் வீதியிலும் பார்த்துச் சொல்லக்கூடியவை. ஆனால் ஓர் எச்சரிக்கை. கழிப்பறை 'இருக்கிறது' என்பது வேறு, 'பயன்பாட்டில் இருக்கிறது' என்பது வேறு. பூட்டுப் போட்ட கழிப்பறையும் கட்டடக் கணக்கில் கழிப்பறைதான். இந்த விவரங்களைப் பூர்த்தி செய்வது தலைமையாசிரியர். ஏகப்பட்ட படிவங்களுக்கு நடுவில் அவர் இதையும் நிரப்புகிறார். தவறும் வரும், பழைய எண்ணும் வரும். ஆகவே அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். இளைஞர்கள் கூட்டமாக, வீடியோ எடுத்துக்கொண்டு, சோதனை அதிகாரிகள் மாதிரிப் போகவேண்டாம். இரண்டு பேர், மரியாதையாக, பெற்றோர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஆசிரியர்கள் நமக்கு எதிரிகள் அல்லர்.

6ஆம் வகுப்பு முடிவு 12ஆம் வகுப்பில் பேசும்

6ஆம் வகுப்பைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2020இல் தமிழ்நாட்டு அரசு சட்டம் இயற்றி, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தந்தது. 2021இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. நிபந்தனை என்ன? 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும். 6, 7, 8 மூன்று வருஷம் தனியாரில் கட்டணம் கட்டிப் படிக்கவைத்து, கையில் காசு தீர்ந்து 9இல் அரசுப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்காது. நம்மில் எத்தனை குடும்பம் இப்படிச் செய்கிறது! வியாபாரம் நன்றாக இருக்கும்போது மெட்ரிகுலேஷன். ஒரு பெருநாள் சீசன் படுத்துவிட்டால் அரசுப் பள்ளி. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் இதே 6 முதல் 12 என்ற அடிப்படையில்தான் கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வகுக்கப்பட்டது. நம் சமுதாயம் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குள் வரவில்லை என்பதையும் பெற்றோர் தெரிந்துகொண்டு முடிவு செய்யவேண்டும். அந்தப் பள்ளிகள் செய்த சேவையை நான் மறக்கவில்லை. சேர்க்கும் நாளில் இந்த விவரத்தைச் சொல்லாமல் விடுவது நாணயமாகாது.

ஒன்றிய அரசு என்ன செய்தது? சிறுபான்மை மாணவர்களுக்கான பள்ளிப் படிப்பு உதவித்தொகையை 2022இல் 9, 10ஆம் வகுப்புகளோடு சுருக்கியது. 1 முதல் 8 வரை கல்வி உரிமைச் சட்டத்தில் இலவசம்தானே, உதவித்தொகை எதற்கு என்று காரணம் சொன்னது. சரி, அப்படியானால் அந்தச் சட்டம் சொல்லும் ஆசிரியரும் வகுப்பறையும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறதா என்று கேட்கும் உரிமை நமக்கு இரட்டிப்பாகிறது. பணத்தை நிறுத்தியதற்குக் காட்டிய காரணத்தையே கோரிக்கைக்குக் காரணமாக்குவோம்.

மனு எழுதும் முறை

நம் மனுக்கள் எப்படி இருக்கின்றன? "எங்கள் பகுதிப் பள்ளி மிகவும் மோசமான நிலையில் உள்ளது, உடனடி நடவடிக்கை எடுக்காவிட்டால் போராட்டம் வெடிக்கும்." அதிகாரி வாங்கி வைத்துக்கொள்வார். 'மோசம்' என்பதற்கு அலுவலகத்தில் கோப்பு கிடையாது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "மேற்குப் பள்ளியில் 6 முதல் 8 வரை சட்டப்படி 3 பட்டதாரி ஆசிரியர்கள் வேண்டும், ஒருவரே உள்ளார்." இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ பதில் எழுதியாகவேண்டும். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஒரு பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது. 7 பணியிடம் உள்ள பள்ளியில் ஒன்று காலி என்றாலே 14 சதவீதம் ஆகிவிடுகிறது. பத்துக்கும் குறைந்த பணியிடம் உள்ள எந்தப் பள்ளியிலும் ஒரே ஒரு காலியிடம்கூடச் சட்ட மீறல்தான். இதை எத்தனை மனுவில் எழுதியிருக்கிறோம்?

அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, எந்தத் தேதியிலிருந்து காலி, ஆசிரியர்களை எத்தனை நாள் வேறு பணிக்கு அனுப்பினார்கள், மூன்று ஆண்டுகளில் வந்த மானியம் எவ்வளவு, எதற்குச் செலவானது என்பவை தெரியவேண்டும் என்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம். வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதினால் போதும். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். செக் தேதியை மறக்காத நமக்கு இது ஒன்றும் பெரிய வேலை அல்ல.

மானியம் என்றதால் சொல்கிறேன். 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டத்தில் 101 முதல் 250 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று வகுத்தார்கள். நம் உதாரணத்து இரண்டு பள்ளிகளும் இதே படியில்தான் நிற்கின்றன. கிழக்கில் பிள்ளைக்கு 208 ரூபாய், மேற்கில் 333 ரூபாய். சாக்பீஸ், துடைப்பம், மின் பழுது எல்லாம் இதில்தான். 2024-25இல் பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத் தகராறில் ஒன்றிய அரசு இந்தத் திட்டப் பணத்தை நிறுத்தியது. தனக்கு வரவேண்டியது 2,152 கோடி ரூபாய் என்று கூறி 2025இல் தமிழ்நாட்டு அரசு உச்ச நீதிமன்றம் போனது. மேலே நடக்கும் சண்டை கீழே துடைப்பம் வரைக்கும் வரும். உங்கள் பள்ளிக்கு அந்த ஆண்டு எவ்வளவு வந்தது என்று கேளுங்கள்.

கேட்பதற்கு மேடையும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் 75 சதவீதம் பெற்றோர்; மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இல் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டபோது எத்தனை மஹல்லாவில் நம் தாய்மார்கள் போய் உட்கார்ந்தார்கள்? மூன்றாண்டுப் பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவது அந்தக் குழுவின் வேலை. இரண்டு பள்ளிகளின் ஒப்பீட்டுத் தாள் கையில் இருந்தால், "அங்கே மூன்று பேர் இருக்கிறார்களே, இங்கே ஏன் ஒருவர்?" என்று ஒரு தாய் எழுந்து கேட்கலாம்.

வசதி படைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கு உதவுகிறோம் என்று டியூப் லைட் வாங்கிக் கொடுத்து, வெளிச்சம் வெளியே வராத அளவுக்குப் பெயர் எழுதுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஆசிரியர் நியமனம் அரசின் கடமை, அதை வாங்கித்தான் ஆகவேண்டும். வரும்வரை மாலையில் கணிதமும் ஆங்கிலமும் சொல்லித்தர, படித்துவிட்டு வேலை தேடும் நம் பட்டதாரிப் பிள்ளைகள் இருவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். மஸ்ஜிதின் மேல்தளம் அஸருக்குப் பிறகு சும்மாதான் கிடக்கிறது. பக்கத்துத் தெருவின் மாற்றுமதப் பிள்ளைகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள், அவர்களும் வரட்டும்.

இந்த அட்டையில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குப் படிக்கத் தெரிகிறதா என்பது அதில் இல்லை. தேசிய அடைவுத் தேர்வு 2021இல் நடந்தது, 2024 டிசம்பரிலும் நடந்தது. முடிவுகள் மாவட்ட அளவில்தான் வெளியாயின, பள்ளிவாரியாக அல்ல. அதை நாமே பார்க்கலாம். 5ஆம் வகுப்புப் பிள்ளையிடம் 3ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். 847ஐ 6ஆல் வகுக்கச் சொல்லுங்கள். இரண்டு பள்ளிகளிலும் படிக்கும் நம் தெருப் பிள்ளைகள் பத்துப் பத்துப் பேரிடம் இதைச் செய்தால் ஒரு மாலைப் பொழுதுதான் ஆகும். திணறும் பிள்ளையை யார் முன்னாலும் கேலி செய்யாதீர்கள்.

இளைஞர் அணியினர் இன்றே இரண்டிரண்டு பேராகப் பெயர் கொடுங்கள். ஒவ்வொரு ஜோடியும் தத்தம் பகுதியின் இரண்டு பள்ளிகளை எடுத்துக்கொள்ளட்டும். ஒரு முழுத் தாளை நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் ஒரு பள்ளி, வலப்பக்கம் ஒரு பள்ளி. மூன்று ஆண்டுகளின் வகுப்புவாரி எண்ணிக்கையை ஆண், பெண் பிரித்து எழுதுங்கள். 5லிருந்து 6க்கு வராத பிள்ளைகளை வீடு வீடாகப் போய் விசாரித்து, எந்த வீடு என்று ஊரில் பேசாமல், எண்ணிக்கையை மட்டும் தாளில் குறியுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது தாளோடு வாருங்கள், இன்ஷா அல்லாஹ். வணிகர் சங்க நிர்வாகிகளும் அன்றைக்கு இருப்பார்கள். கடைகளில் உள்ள 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் கணக்கை அவர்கள் கொண்டுவரவேண்டும் என்று இந்தச் சபையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.